ஆண்ட்ரூ விட்டர்பி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறியியல் கல்லூரியில் தகவல்தொடர்புப் பாடம் நடத்துகிற எவரும் ஏதாவது ஒரு பருவத்தில் கரும்பலகையில் 'விட்டர்பி அல்காரிதம்' என்று எழுதியாக வேண்டும். எழுதியதும் கேள்விகள் வரத் தொடங்கும். பாடப்புத்தகத்தில் அந்தப் பெயர் அல்காரிதத்தின் முன்னொட்டாக நிற்கிறதே தவிர, அந்த மனிதரைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. மாணவர்கள் கேட்டவற்றோடு, அவர்கள் கேட்டால் நன்றாக இருக்குமே என்று நான் நினைத்தவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

விட்டர்பி யார்? ஒரு பத்தியில் சொல்ல முடியுமா?

ஆண்ட்ரூ விட்டர்பி 1935 மார்ச் 9 அன்று இத்தாலியின் பெர்கமோ நகரில் பிறந்த அமெரிக்கப் பொறியாளர். இரைச்சலில் சிதைந்து வந்து சேரும் டிஜிட்டல் சமிக்ஞையிலிருந்து அனுப்பப்பட்ட செய்தியை மீட்கும் ஒரு முறையை 1967இல் வெளியிட்டார். விண்கலத் தொடர்பு, செல்பேசி, வைஃபை, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள், மரபணு ஆய்வு என்று எங்கெங்கோ அது போய்ச் சேர்ந்தது. லிங்காபிட், குவால்காம் ஆகிய இரு நிறுவனங்களைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதோடு, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற ஆசிரியர். இந்தக் கடைசிச் செய்தியைத்தான் நான் முதன்மையாகக் கருதுகிறேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இத்தாலியில் பிறந்தவர் அமெரிக்காவுக்கு ஏன் போனார்?

போகாவிட்டால் உயிர் பிழைத்திருப்பாரா என்பதே ஐயம். விட்டர்பியின் குடும்பம் யூதக் குடும்பம். தந்தை அக்கில்லே கண் மருத்துவர்; பெர்கமோ மருத்துவமனையில் கண் பிரிவின் தலைவராக இருந்தார். 1938இல் முசோலினி அரசு யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்களைக் கொண்டுவந்தது. அரசுப் பணியிலிருந்தும் பள்ளி, பல்கலைக்கழகங்களிலிருந்தும் யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள். தந்தையின் பதவியும் போயிற்று.

1939 ஆகஸ்ட் இறுதியில் குடும்பம் நியூயார்க்கில் கரை இறங்கியது. சில நாட்களில், செப்டம்பர் 1 அன்று, ஐரோப்பாவில் போர் மூண்டது. அப்போது சிறுவனுக்கு நான்கு வயது, பெயர் ஆந்த்ரேயா. அமெரிக்காவில் அது ஆண்ட்ரூ ஆனது. புகழ்பெற்ற மருத்துவராக இருந்த தந்தை, புதிய நாட்டில் மறுபடியும் தகுதி பெற்றுத் தொழிலை அடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துக் குடும்பம் பாஸ்டனுக்குக் குடிபெயர்ந்தது.

எங்கே படித்தார்?

பாஸ்டன் லத்தீன் பள்ளி, பிறகு 1952இல் எம்ஐடி. வீட்டில் பண வசதி கிடையாது. எனவே படிப்புக்கு இடையிடையே ரேத்தியான் நிறுவனத்தில் வேலை செய்து சம்பளம் வாங்கிப் படிக்கும் திட்டத்தில் சேர்ந்தார். 1957இல் மின்பொறியியலில் இளநிலை, முதுநிலை இரண்டு பட்டங்களோடும் வெளியே வந்தார்.

முனைவர் பட்டம் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில். அதற்குள் அவர் முழுநேர வேலையில் இருந்தார்; வேலையை விடாமலே படிக்க அந்தப் பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. அந்த நன்றியை அவர் மறக்கவில்லை. 2004இல் அவரும் மனைவி எர்னாவும் 5 கோடியே 20 லட்சம் டாலரை அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார்கள். அங்குள்ள பொறியியல் கல்லூரி இன்று விட்டர்பி பெயரைத் தாங்கியிருக்கிறது.

முதல் வேலை எங்கே? விண்வெளித் துறையில் இருந்தாராமே?

ஆம். 1957இல் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் உள்ள ஜேபிஎல் என்னும் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் சேர்ந்தார். சேர்ந்த காலத்தைக் கவனியுங்கள். அந்த ஆண்டு அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அதுவரை ராணுவ ஏவுகணைகளுக்காக வேலை செய்துகொண்டிருந்த ஆய்வகம் ஒரே இரவில் விண்வெளிப் போட்டியின் நடுவே வந்து நின்றது. 1958 ஜனவரி 31 அன்று அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்புளோரர் 1 ஏவப்பட்டபோது அதன் தொலைத்தொடர்புப் பணியில் இருந்த இளம் பொறியாளர்களில் விட்டர்பியும் ஒருவர். வயது இருபத்திரண்டு.

அங்கே அவருக்கு வாய்த்த சூழலும் சாதாரணமானதல்ல. அவர் வேலை செய்த குழுவில் சாலமன் கோலம்ப் என்னும் கணிதவியலாளர் இருந்தார். ஷிஃப்ட் ரெஜிஸ்டர் என்னும் எளிய மின்சுற்றிலிருந்து, பார்வைக்குத் தாறுமாறாகத் தெரியும் நீண்ட பிட் வரிசைகளை, அதாவது 0, 1 ஆகியவற்றின் வரிசைகளை, உண்டாக்கும் கணிதத்தை வளர்த்தவர் அவர். விண்கலத்தின் தூரத்தை அளக்க அந்த வரிசைகள் பயன்பட்டன. முப்பது ஆண்டுகள் கழித்து, பலர் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்து பேசும் சிடிஎம்ஏ செல்பேசிக்கும் அதே வரிசைகளே அடிப்படை ஆயின.

அந்தக் காலத்தில் விட்டர்பியின் சொந்த ஆராய்ச்சி ஃபேஸ் லாக்டு லூப் பற்றியது. விண்கலத்திலிருந்து வரும் சமிக்ஞை மிக மெலிதானது. கலம் நகர்வதால் அதன் அலைவெண்ணும் நழுவிக்கொண்டே இருக்கும். அதை விடாமல் பிடித்துக்கொண்டு பின்தொடரும் சுற்றுதான் ஃபேஸ் லாக்டு லூப். இரைச்சல் அதிகமாகும்போது அது எப்போது பிடியை விடும் என்று கணக்கிடுவது கடினம். எளிமைப்படுத்திய நேர்கோட்டுத் தோராயங்கள் அந்த இடத்தில்தான் கைவிடும். தோராயத்தை ஒதுக்கிவிட்டு முழுச் சிக்கலையும் எதிர்கொண்டார் விட்டர்பி. இந்த அல்காரிதமே இல்லாமல் போயிருந்தாலும் இந்த ஒரு வேலைக்காக அவர் பெயர் துறையில் நின்றிருக்கும்.

அல்காரிதம் எப்படிப் பிறந்தது?

வகுப்பெடுப்பதில் ஏற்பட்ட சிரமத்திலிருந்து பிறந்தது. 1963இல் அவர் ஜேபிஎல்லை விட்டு லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். தகவல் கோட்பாடு நடத்தும்போது, வழியில் நேரும் பிழைகளைத் திருத்த உதவும் கன்வல்யூஷனல் குறியீடுகள் என்ற பகுதி வரும். 1955இல் எம்ஐடியின் பீட்டர் எலியாஸ் கொண்டுவந்தவை அவை. அவற்றைப் பிரித்துப் படிக்க அப்போது இருந்த சிறந்த வழி, 'தொடர் டிகோடிங்' என்னும் முறை. முறை வேலை செய்தது. ஆனால் அது ஏன் நன்றாக வேலை செய்கிறது என்று நிரூபிக்கும் கணிதம் நீளமானது, பின்னல் மிகுந்தது. மாணவர்களுக்குப் புரியும்படி அதை நடத்துவது பெரும்பாடாக இருந்தது.

ஆகவே, நிரூபணத்தை எளிதாக்க வேறொரு டிகோடிங் முறையைக் கற்பனை செய்து பார்த்தார். 1966இல் அது கைகூடியது. 1967 ஏப்ரலில், மின்பொறியாளர்களின் அமைப்பான ஐஇஇஇயின் தகவல் கோட்பாட்டு இதழில் கட்டுரையாக வந்தது. தலைப்பில் முதலிடம் பிழை வரம்புகளுக்கு. டிகோடிங் அல்காரிதம் இரண்டாவதாகத்தான் வருகிறது. அவரைப் பொறுத்தவரை அப்போது அது ஒரு நிரூபணக் கருவி.

நான் அவரை ஆசிரியர் என்று முதலில் சொன்னதற்குக் காரணம் இதுதான். பாடம் கடினமாக இருந்தால் பெரும்பாலான ஆசிரியர்கள் 'இது கடினம், மனப்பாடம் செய்துகொள்' என்று நகர்ந்துவிடுவார்கள். இன்னும் நேரான வழி இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாகத் தேடினார். நம் ஊரில் ஆராய்ச்சியும் கற்பித்தலும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் என்று பேசுகிறவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

அந்த அல்காரிதம் எதைச் செய்கிறது?

முதலில் சிக்கலைப் புரிந்துகொள்வோம். இரைச்சல் நிறைந்த வழியில் பிட்களை அனுப்பினால் சில பிட்கள் புரண்டுவிடும்: 0 என்பது 1 ஆகும், 1 என்பது 0 ஆகும். அதைச் சமாளிக்க, அனுப்புகிறவர் செய்தியோடு கூடுதல் பிட்களைக் கலந்து அனுப்புகிறார். கன்வல்யூஷனல் குறியீட்டில், வெளியே போகும் ஒவ்வொரு பிட்டும் இப்போதைய செய்தி பிட்டை மட்டுமல்லாமல் அதற்கு முந்தைய சில பிட்களையும் பொறுத்து அமையும். அதனால் ஒரு பிட் சிதைந்தாலும் அதைப் பற்றிய தடயம் பக்கத்துப் பிட்களில் இருக்கும்.

பெறுகிறவர் செய்ய வேண்டியது: அனுப்பப்பட்டிருக்கக்கூடிய எல்லாச் செய்திகளையும் எடுத்து, வந்து சேர்ந்த வரிசையோடு எது மிக நெருக்கமாகப் பொருந்துகிறது என்று பார்ப்பது. சொல்ல எளிது. 100 பிட் செய்தி என்றால் 2இன் 100ஆம் அடுக்கு வாய்ப்புகள். அது 31 இலக்க எண். எந்தக் கணினியாலும் அத்தனையையும் பார்த்து முடிக்க முடியாது.

விட்டர்பி கண்டது என்னவென்றால், அத்தனையையும் பார்க்கத் தேவையே இல்லை. சென்னையிலிருந்து மதுரைக்குத் திருச்சி வழியாகத்தான் போவது என்று வைத்துக்கொள்ளுங்கள். திருச்சி வரை வருவதற்குப் பல சாலைகள் இருக்கலாம். அவற்றில் மிகக் குறுகியது எது என்று தெரிந்துவிட்டால் மற்றவற்றை அப்போதே மறந்துவிடலாம். திருச்சிக்குப் பிறகு வரும் சாலை எதுவானாலும் அந்த முடிவு மாறாது. குறியீட்டிலும் அப்படியே. குறியீட்டின் 'நிலை' என்பது கடைசிச் சில செய்தி பிட்கள் மட்டுமே. ஒரே நிலைக்கு இரண்டு பாதைகள் வந்து சேர்ந்தால், பொருத்தம் குறைந்த பாதையை அங்கேயே கைவிடலாம். ஒவ்வொரு நிலைக்கும் ஒரே ஒரு பாதைதான் மிஞ்சும்.

எண்களோடு ஒரு எடுத்துக்காட்டு காட்ட முடியுமா?

முடியும். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே போட்டுப் பார்த்தால்தான் பிடிபடும்.

ஒவ்வொரு செய்தி பிட்டுக்கும் இரண்டு பிட்களை அனுப்பும் சிறிய குறியீடு. முதல் பிட்: இப்போதைய பிட், முந்தைய பிட், அதற்கும் முந்தைய பிட் ஆகிய மூன்றின் கூட்டல். இரண்டாவது பிட்: இப்போதைய பிட், இரண்டு படி முந்தைய பிட் ஆகிய இரண்டின் கூட்டல். இங்கே 1+1 என்றால் 0. தொடங்கும்போது முந்தைய பிட்கள் எல்லாம் 0.

செய்தி 1 0 1. முடிவைக் குறிக்க இரண்டு 0 சேர்க்கிறோம். வெளியே போவது: 11 10 00 10 11. வழியில் ஆறாவது பிட் புரண்டுவிட்டது. பெறுகிறவர் கையில் கிடைப்பது: 11 10 01 10 11. எந்த பிட் புரண்டது என்று அவருக்குத் தெரியாது. ஏதாவது புரண்டதா என்றுகூடத் தெரியாது.

முதல் மூன்று ஜோடிகள் வந்ததும் எட்டுச் செய்திகள் சாத்தியம். ஒவ்வொன்றும் வந்த வரிசையோடு எத்தனை இடத்தில் முரண்படுகிறது என்று எண்ணினால்: 100 என்பதற்கு 1, 101க்கு 1, 110க்கு 2, 011க்கு 3, 000க்கு 4, 001க்கு 4, 111க்கு 4, 010க்கு 5. இப்போது கடைசி இரண்டு பிட்டைப் பாருங்கள். 00இல் முடிபவை 100, 000. அவற்றில் 100 நிற்கும், 000 போகும். 01இல் முடிபவற்றில் 101 நிற்கும். 10இல் 110, 11இல் 011. எட்டில் நான்கு விடைபெற்றுவிட்டன.

ஆனால் இங்கே நின்று தீர்ப்புச் சொன்னால் ஆபத்து. 100, 101 இரண்டுக்கும் முரண் 1தான். எது சரி என்று இந்தக் கட்டத்தில் சொல்ல வழியில்லை. அல்காரிதம் சொல்வதும் இல்லை; இரண்டையும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது.

நான்காவது ஜோடி 10 வருகிறது. அடுத்த செய்தி பிட் 0 என்று நமக்குத் தெரியும். 100ஐத் தொடர்ந்தால் குறியீடு 00 கொடுத்திருக்கும். ஒரு முரண் கூடி மொத்தம் 2. 101ஐத் தொடர்ந்தால் 10 கொடுத்திருக்கும். முரண் கூடவில்லை, மொத்தம் 1. மற்ற இரண்டு பாதைகளும் (3, 5) இவற்றிடம் தோற்றுக் கழிகின்றன. ஐந்தாவது ஜோடி 11. 1000 என்ற பாதைக்கு மொத்தம் 4 ஆகிறது. 1010 என்ற பாதை 1இலேயே நிற்கிறது. விடை 101. புரண்ட பிட் எது என்பதும் தானாகவே வெளிப்பட்டுவிடுகிறது.

தேர்வில் பலர் கோட்டைவிடும் இடம் மூன்றாவது படிதான். சமநிலை வந்ததும் பதறி, ஒரு பாதையை அடித்துவிடுகிறார்கள். வெவ்வேறு நிலைகளில் முடியும் பாதைகளை ஒன்றோடொன்று ஒப்பிடவே கூடாது. ஒரே நிலைக்கு வந்து சேரும் பாதைகளுக்குள் மட்டுமே போட்டி. இதை ஒரு முறை உள்வாங்கிக்கொண்டால் மீதி எல்லாம் கூட்டல் கணக்கு.

வெளியிட்ட உடனே எல்லாரும் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்களா?

இல்லை. இதன் முழு அருமை வெளிப்பட வேறு சிலர் தேவைப்பட்டார்கள். டேவிட் ஃபோர்னி இந்தப் பாதைகளை டிரெல்லிஸ் என்னும் வலைப்படமாக வரைந்து காட்டினார். இன்று எல்லாப் பாடநூலிலும் இருப்பது அந்தப் படம். இந்த முறை 'கிட்டத்தட்டச் சிறந்தது' என்ற நிலையில் நிற்கவில்லை, நிகழ வாய்ப்பு மிக அதிகமுள்ள வரிசையையே தருகிறது என்பதையும் அவர் தெளிவுபடுத்தினார். ஜிம் ஒமுரா 1969இல், இது பெரிய சிக்கலைச் சிறு படிகளாகப் பிரித்துத் தீர்க்கும், ரிச்சர்ட் பெல்மன் வளர்த்த டைனமிக் புரோகிராமிங் முறையின் ஒரு வடிவமே என்று காட்டினார்.

நடைமுறையில் பெரிய திருப்பம் ஜெர்ரி ஹெல்லரால் வந்தது. குறியீடு பின்னோக்கி எத்தனை பிட்டைப் பார்க்கிறதோ, அதற்கேற்ப நிலைகளின் எண்ணிக்கை இரட்டித்துக்கொண்டே போகும். பயன் தரும் அளவுக்குப் பெரிய குறியீட்டுக்கு இந்த முறை கட்டுப்படியாகாது என்றே பலரும் எண்ணினார்கள். ஜேபிஎல்லில் இருந்த ஹெல்லர் கணினியில் ஓட்டிப் பார்த்தார். வெறும் 64 நிலைகள் போதும் என்று தெரிந்தது. குறியீடு இல்லாமல் அனுப்புவதோடு ஒப்பிட்டால் சுமார் 5 டெசிபல் ஆதாயம். அதாவது மூன்றில் ஒரு பங்கு ஆற்றலில் அதே தரம். வியாழனுக்கு அப்பாலிருந்து 20 வாட் அளவிலான டிரான்ஸ்மிட்டரைக் கொண்டு படம் அனுப்ப வேண்டிய விண்கலத்துக்கு இது எத்தனை பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். 1977இல் கிளம்பிய இரு வாயேஜர் கலங்களும் இந்த 64 நிலைக் குறியீட்டைத்தான் சுமந்து சென்றன.

இதற்குக் காப்புரிமை வாங்கினாரா?

வாங்கவில்லை. வழக்கறிஞரின் ஆலோசனைப்படி விட்டுவிட்டார் என்பது அவரே சொல்லியிருக்கும் செய்தி. ராயல்டி கணக்குப் போட்டு அவருக்காக வருத்தப்படும் மாணவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற நிலை இருந்ததால்தான் பேச்சு ஆய்வாளரும் உயிரியலாளரும் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். அவருக்கும் பிற்காலத்தில் நிறுவனங்கள் வழியே செல்வம் சேர்ந்தது.

லிங்காபிட் என்பது என்ன?

1968இல் விட்டர்பி, எம்ஐடியிலிருந்து சான் டியேகோவுக்கு வந்திருந்த இர்வின் ஜேக்கப்ஸ், யுசிஎல்ஏவின் லெனர்ட் கிளைன்ராக் ஆகிய மூன்று பேராசிரியர்கள் தங்கள் ஆலோசனை வேலைகளை ஒருங்கிணைக்கத் தொடங்கிய சிறு நிறுவனம். கிளைன்ராக் பின்னர் இணைய வரலாற்றில் பெரும் பெயர் ஆனவர். ஹெல்லரும் லிங்காபிட்டில் வந்து சேர்ந்தார். அல்காரிதத்தை வன்பொருளாகச் செய்து விற்ற முதல் நிறுவனங்களில் இது ஒன்று. தொடக்கக் கால டிகோடர்கள் அலமாரி அளவு இருந்தன. இன்று அதே வேலை ஒரு சில்லின் ஓரத்தில் நடக்கிறது.

ராணுவ மோடம்களும் செயற்கைக்கோள் கருவிகளும் அதன் முக்கியத் தொழில். கேபிள் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பூட்டி அனுப்பும் வீடியோசைஃபர் கருவியும் அங்கே உருவானது. 1980இல் நிறுவனத்தை எம்/ஏ-காம் வாங்கியது. 1985இல் ஜேக்கப்ஸும் விட்டர்பியும் அங்கிருந்து வெளியேறினார்கள். லிங்காபிட்டில் பழகியவர்கள் பின்னர் தொடங்கிய நிறுவனங்களால் சான் டியேகோ நகரமே கம்பியில்லாத் தொடர்புத் தொழிலின் மையமாக மாறியது.

குவால்காமில் அவர் பங்கு என்ன?

1985 ஜூலையில் ஜேக்கப்ஸின் வீட்டில் ஏழு பேர் கூடித் தொடங்கிய நிறுவனம் அது. விட்டர்பி அந்த ஏழு பேரில் ஒருவர். முதலில் பணம் ஈட்டித் தந்தது, லாரிகளைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்கும் ஆம்னிட்ராக்ஸ் சேவை. அந்த வருமானத்தில்தான் சிடிஎம்ஏ செல்பேசி என்ற பெரிய பந்தயத்தில் இறங்கினார்கள்.

அக்காலத்து மற்ற முறைகள் பேசுகிறவர்களை வெவ்வேறு அலைவெண்ணிலோ வெவ்வேறு நேரத்துண்டிலோ பிரித்து வைத்தன. சிடிஎம்ஏயில் எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே 1.25 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அனுப்புவார்கள். ஒவ்வொருவரின் சமிக்ஞையும் தனித்தனிக் குறியீட்டால் பெருக்கப்பட்டு, நொடிக்கு 12,28,800 துணுக்குகளாக விரிக்கப்படும். பெறும் நிலையம் உங்கள் குறியீட்டால் மறுபடி பெருக்கினால் உங்கள் பேச்சு மட்டும் மேலெழும். மற்றவர்களுடையது மெல்லிய இரைச்சலாகத் தங்கிவிடும். கோலம்பின் வரிசைகள் இங்கேதான் வந்து உட்கார்ந்தன.

இதன் பெரும் தலைவலி தூரம். கோபுரத்தின் அருகில் நிற்பவரின் சமிக்ஞை, தொலைவில் இருப்பவருடையதை அமுக்கிவிடும். அதற்காக ஒவ்வொரு கைப்பேசியின் ஆற்றலையும் நொடிக்கு 800 முறை கூட்டிக் குறைக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். இது நடக்கவே நடக்காது என்று சொன்ன நிபுணர்கள் அன்று நிறையவே இருந்தார்கள். 1989 தொடக்கத்தில் அமெரிக்கத் தொழில் துறை நேரத்துண்டு முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் குவால்காம் சான் டியேகோவில் சிடிஎம்ஏயை ஓட்டிக் காட்டியது. எத்தனை பேர் ஒரே அலைவரிசையைப் பகிர முடியும் என்ற கணக்கை முன்வைத்த 1991ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆறு ஆசிரியர்களில் விட்டர்பியும் ஒருவர். தொடக்கத்தில் பேசப்பட்ட பெரும் மதிப்பீடுகள் களத்தில் அப்படியே கிட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் முறை வென்றது. 1993இல் ஐஎஸ்-95 என்ற தரநிலை ஆனது. 1995இல் ஹாங்காங்கிலும் 1996இல் தென்கொரியாவிலும் வணிகச் சேவையாக வந்தது. மூன்றாம் தலைமுறைச் செல்பேசிகள் பெரும்பாலும் சிடிஎம்ஏ அடிப்படையிலேயே அமைந்தன.

நாம் இந்தியாவில் இதைப் பயன்படுத்தியிருக்கிறோமா?

முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள் என்றால் அநேகமாக ஆம். 2002 டிசம்பரில் தொடங்கப்பட்ட ரிலையன்ஸ் இன்ஃபோகாம் சேவை சிடிஎம்ஏ. 2003இல் 501 ரூபாய் கட்டினால் கையில் போன் என்ற திட்டம் வந்தபோது, அதுவரை செல்பேசியைத் தொட்டே பார்க்காத வீடுகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. டாடா இண்டிகாமும் அதே தொழில்நுட்பம்தான். அந்தத் தொடக்கக் கால போன்களில் சிம் அட்டை கிடையாது. எண் கருவிக்குள்ளேயே பதியப்பட்டிருக்கும்.

சிடிஎம்ஏ போன்களில் 256 நிலைகள் கொண்ட விட்டர்பி டிகோடர் இருந்தது. போட்டி முறையான ஜிஎஸ்எம் போனை வைத்திருந்தவர்களும் தப்பவில்லை. அதன் பேச்சுக் குறியீட்டுக்கு 16 நிலை டிகோடர் வேண்டும். கட்டடங்களில் மோதித் தாமதமாக வரும் எதிரொலிகளைப் பிரித்தெடுக்கவும் இதே அல்காரிதம் பயன்பட்டது.

செல்பேசிக்குச் சம்பந்தமில்லாத துறைகளில் எப்படி நுழைந்தது?

சிக்கலின் உருவம் ஒன்றே என்பதால். கண்ணுக்குத் தெரியாத நிலைகள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறிக்கொண்டிருக்கின்றன. நமக்குக் கிடைப்பவை அவற்றின் மங்கிய தடயங்கள் மட்டுமே. அந்தத் தடயங்களை வைத்து நிலைகளின் வரிசையை ஊகிக்க வேண்டும். இப்படி எந்தச் சிக்கலைச் சொன்னாலும் இந்த அல்காரிதம் பொருந்தும். பேச்சில் ஒலியன்கள் மறைந்த நிலைகள், ஒலிவாங்கியில் பதிவது தடயம். 1970களிலிருந்து பல பத்தாண்டுகள் பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் இந்த வழியில்தான் இயங்கின. தமிழுக்காகச் செய்யப்பட்ட பேச்சு ஆய்வுகளும், வாக்கியத்தில் எது பெயர் எது வினை என்று குறிக்கும் மென்பொருள்களும் இதைப் பயன்படுத்தியிருக்கின்றன. டிஎன்ஏ வரிசையில் மரபணு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தேடுவதற்கும் இதுவே.

குடும்பம்?

மனைவி எர்னா ஃபின்சி, சரயேவோவைச் சேர்ந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். போர்க் காலத்தில் அவர்கள் இத்தாலியில் தடுத்து வைக்கப்பட்டு, பின்னர் ஸ்விட்சர்லாந்துக்குத் தப்பிப் பிழைத்து, கலிஃபோர்னியா வந்து சேர்ந்தார்கள். 1958இல் திருமணம். மூன்று பிள்ளைகள். எர்னா 2015இல் மறைந்தார்.

முக்கியமான விருதுகள் எவை?

1990இல் மார்கோனி பரிசு, 1991இல் தகவல் கோட்பாட்டுத் துறையின் உச்ச மரியாதையான ஷானன் விருது, 2010இல் ஐஇஇஇயின் கௌரவப் பதக்கம். அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் பதக்கமும் பெற்றிருக்கிறார். பட்டியல் நீளும், வேலையைப் புரிந்துகொண்டவர்களுக்குப் பட்டியல் தேவைப்படாது.

நிறுவனம் நடத்தியபோது கற்பித்தலை விட்டுவிட்டாரா?

விடவில்லை. 1975 முதல் 1994 வரை சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். லிங்காபிட், குவால்காம் ஆகிய இரண்டின் பரபரப்பான ஆண்டுகளும் இதற்குள் அடங்கும். 1979இல் ஒமுராவோடு சேர்ந்து டிஜிட்டல் தொடர்பு பற்றியும், 1995இல் தனியாக சிடிஎம்ஏ பற்றியும் பாடநூல்கள் எழுதினார். அந்த சிடிஎம்ஏ நூலைப் படித்தால் ஒன்று தெரியும்: பல கோடி டாலர் பெறும் தொழில்நுட்பத்தின் அடிப்படைகளை, போட்டி நிறுவனத்து மாணவனுக்கும் புரியட்டும் என்று படிப்படியாக விளக்கிக்கொண்டு போகிறார். 2000இல் குவால்காமிலிருந்து ஓய்வு பெற்றார்.

இப்போது 5ஜி வந்துவிட்டதே. இந்த அல்காரிதத்தை இன்னும் படிக்க வேண்டுமா?

நியாயமான கேள்வி. 1993இல் டர்போ குறியீடுகள் என்னும் புதிய பிழைதிருத்தக் குறியீடுகள் வந்தன. ராபர்ட் கல்லகர் 1960களின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து, பின்னர் மறக்கப்பட்டிருந்த எல்டிபிசி குறியீடுகள் மீண்டும் எழுந்தன. இரைச்சலுள்ள வழியில் பிழையின்றி எவ்வளவு வேகமாகச் செய்தி அனுப்ப முடியும் என்று, தகவல் கோட்பாட்டைத் தொடங்கிய ஷானன் 1948இல் வகுத்த எல்லையை அவை மிக நெருங்குகின்றன. 5ஜியில் தரவுக்கு எல்டிபிசியும் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்குப் போலார் குறியீடும் பயன்படுகின்றன. கன்வல்யூஷனல் குறியீட்டுக்கு அங்கே இடமில்லை. பேச்சை எழுத்தாக்கும் வேலையிலும் நியூரல் நெட்வொர்க்குகள் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிட்டன.

ஆனால் 4ஜியில் கைப்பேசி முதன்முதலில் கோபுரத்தை அறிந்துகொள்ளும் ஒலிபரப்புத் தகவலும், எந்த நேரத்தில் எதைப் பெற வேண்டும் என்று சொல்லும் கட்டுப்பாட்டுச் செய்தியும் இன்றும் 64 நிலைக் கன்வல்யூஷனல் குறியீட்டில்தான் வருகின்றன. வைஃபையின் அடிப்படைக் குறியீடும் அதே 64 நிலைதான். சிறிய செய்திகளுக்கு, தாமதம் கூடாத இடங்களுக்கு, குறைந்த மின்சாரத்தில் ஓடும் கருவிகளுக்கு அது இன்னும் நல்ல தேர்வு. டர்போ டிகோடரின் உள்ளே இருக்கும் கணக்கையும் டிரெல்லிஸ் தெரியாமல் புரிந்துகொள்ள முடியாது. எனவே படியுங்கள். மேலே காட்டிய 101 எடுத்துக்காட்டில் ஆறாவது பிட்டோடு ஏழாவது பிட்டையும் புரட்டிவிட்டு, விடை என்ன வருகிறது என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.